தலைகீழாகத் தைத்த திரை

கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் கூர்முனை வைத்த மரவளைவு ஒன்று வேண்டும் என்று நான் சொன்னதும் தச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன்க்கா, ஜன்னலே இல்லாத இடத்துல ஜன்னல் சட்டம் மட்டும் எதுக்கு?”

“படத்துல அப்படித்தான் இருக்கு. கோதிக் பாணின்னு பேரு, அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க சர்ச் மாதிரி.”

என் ஃபோனை வாங்கிப் பார்த்தார். கறுப்புச் சுவர், உயரமான முதுகு வைத்த நாற்காலி, இரும்பு மெழுகுவத்தித் தண்டு, கூரையிலிருந்து தரைவரை தொங்கும் கருஞ்சிவப்பு வெல்வெட் திரைகள்.

“பேய்க்கு வாடகைக்கு விடப் போறீங்களா?”

“என் பொண்ணுக்கு.”

அவர் அளவு நாடாவை இழுத்தார்.

அந்தப் படத்தை மகள் எனக்கு அனுப்பியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. ‘எனக்கு இந்த மாதிரி ரூம் வேணும்மா’ என்று ஒரே ஒரு வரி. நானும் அவள் அப்பாவும் பிரிந்து அப்போதே நாலு வருஷம் ஆகியிருந்தது. அவரிடம் சொந்த வீடு இருந்தது, தெரு முனையிலேயே பள்ளிக்கூடம் இருந்தது. என்னிடம் ஒற்றை அறையும் ஒரு தையல் மெஷினும்தான். அவள் அவரோடு போனதில் நியாயம் இருக்கிறது. நியாயம் இருந்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

இப்போது அவளுக்குப் பதினேழு. நான் இருக்கும் ஊரிலேயே கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் தங்குவதா, என்னோடு இருப்பதா என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். வாடகைக்கு வீடு தேடி வருகிறவர்கள் பேசுகிற பேச்சு. ஆனாலும் நான் இரண்டாவது அறையைக் காலி செய்து, நானே நின்று சுவருக்குக் கறுப்பு அடித்தேன். இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை.

திரை தைப்பதுதான் என் தொழில், இருபது வருஷமாக. வெல்வெட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் மேலிருக்கும் பஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சாய்வோடு தடவினால் பளபளக்கும், எதிர்த்துத் தடவினால் இருளும், விரல் பட்ட தடம் அப்படியே நிற்கும். அதனால் எல்லாத் துண்டும் ஒரே பக்கம் பார்த்துத் தொங்க வேண்டும். வெட்டிய கையோடு ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் சாக்கட்டியால் ஓர் அம்புக்குறி போடுவேன். என்னிடம் வேலை செய்யும் பெண்கள் அம்பு போட மறந்தால் அன்றைக்கு அவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது நல்லது.

மகளுக்காக நாலு துண்டு வெட்டினேன். மூன்றுக்கு அம்பு போட்டாயிற்று. நாலாவதை வெட்டும்போது ஃபோன் ஒலித்தது. ‘பத்து மணி பஸ்ஸில் வர்றேன்.’ அதை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. திரைகளை மாட்டிய பிறகு பார்த்தால் நாலாவது மட்டும் வெளிறிப்போய் நின்றது. தலைகீழாகத் தைத்திருந்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கியது வெள்ளிக்கிழமை சாயங்காலம். பிரித்துத் தைக்க நேரமில்லை. அதை ஓரமாக ஒதுக்கி நாற்காலியால் மறைத்தேன்.

வந்தாள். என்னைவிட உயரமாகியிருந்தாள். வீடியோ அழைப்பில் உயரம் தெரிவதில்லை. அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இது அந்தப் படமாம்மா? எப்போ அனுப்பினேன், எட்டாவது படிக்கும்போதா?”

“ஏன், பிடிக்கலையா?”

“நல்லாத்தான் இருக்கு. அப்போ எனக்கு இப்படி ஒரு பைத்தியம் இருந்துச்சு.”

விருந்துக்குப் போன இடத்தில் பிடிக்காத கறியைப் பாராட்டுகிற குரல். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. துணி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்காமல் கத்தரியைத் தொடாதவள், பெற்ற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓர் அறையையே கறுப்பாக்கி வைத்திருக்கிறேன். நான் காத்திருந்தது எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு. அவள் வரவே மாட்டாள்.

மகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு நாலாவது திரையைத் தொட்டாள்.

“இது ஒண்ணு மட்டும் ஏன் வேற கலர்?”

“அதே துணிதான். தலைகீழா தைச்சுட்டேன்.”

“நீயா?” என்று சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

“வெட்டிக்கிட்டு இருக்கும்போது உன் மெசேஜ் வந்துச்சு.”

சிரிப்பு நின்றது. திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒற்றை விரலால் வெல்வெட்டை மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஹாஸ்டல்ல இடம் வாங்கியாச்சும்மா. போன வாரமே அப்பா பேசி முடிச்சிட்டார். ஃபோன்ல சொல்ல மனசு வரல.”

இங்கேயே இருடி என்று சொல்ல வாய்வரை வந்தது. “சரி, சாப்பிட வா,” என்றேன்.

“ஞாயித்துக்கிழமை வந்துடறேன்.”

“எந்த ஞாயிறு?”

“எல்லா ஞாயிறும்.”

சாயங்காலப் பஸ்ஸில் போய்விட்டாள். நான் துணி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். கைத்தடத்தை அழிக்காமல் ஒரு திரையையும் விட்டதில்லை, அது என் வழக்கம். நாலாவது திரையில் அவள் தோள் உயரத்தில் ஒரு கோடு இருந்தது. பூவும் இல்லை, எழுத்தும் இல்லை. சொல்லத் தயங்கி நின்ற நேரமெல்லாம் ஒரே இடத்தில் இழுத்த ஒரே கோடு. பிரஷ்ஷை வைத்துவிட்டேன்.

மரவளைவுக்கு மெருகு போட வந்த தச்சர் கேட்டார்: “இந்த ஒத்தைத் திரையைத் திருப்பித் தைக்கலையாக்கா? கண்ணை உறுத்துதே.”

“பாக்கலாம்,” என்றேன். திருப்பித் தைத்தால் நீராவி பிடிக்க வேண்டும். பிடித்தால் கோடு போய்விடும்.

கல்லூரி திறந்து மூன்று ஞாயிறு போயிற்று. முதல் வாரம் ஏதோ கூட்டம் என்றாள். அடுத்த வாரம் தோழிகளோடு சினிமா. மூன்றாம் வாரம் செய்தியே இல்லை. நானும் கேட்கவில்லை.

கோடு அப்படியே இருக்கிறது. தடம் விழுந்துவிட்டதே என்று வருத்தப்படும் வாடிக்கையாளர்களிடம் நான் எப்போதும் ஒன்று சொல்வேன்: கவலைப்படாதீர்கள், வருகிறவர் போகிறவர் உரசி உரசி ஒரு வாரத்தில் தானே கலைந்துவிடும். அது ஆள் நடமாடுகிற வீடுகளுக்கு.