வெற்று ஆணிகள்

மன்றத்துச் சுவரில் தனக்கும் ஓர் ஆணி கிடைக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். வெளியில் சொல்லத்தான் கூச்சம். இந்த வயதில் ஓர் ஆணிக்கு ஏங்குகிறேன் என்று யாரிடம் சொல்வது?

ஆலை மூடிய பிறகு அந்தச் சிறிய ஊரில் மிஞ்சியவை ஆஸ்பத்திரியும் பஸ் நிலையமும் இந்த மன்றமும்தான். ஆலையின் பழைய கிடங்கைத்தான் மன்றமாக்கியிருந்தார்கள். தகரக் கூரை, நீள மேசை, ஒரு பக்கம் சாய்ந்த கேரம் போர்டு, எப்போதும் கொதிக்கும் டீ பாய்லர். பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட, தனியே தங்கிவிட்டவர்கள் வந்து உட்காரும் இடம். பேச வருகிறவர்கள் குறைவு. பக்கத்தில் இன்னொரு மூச்சு இருந்தால் போதும் என்று வருகிறவர்களே அதிகம்.

பாய்லருக்கு மேலே சுவர் நிறைய ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஓர் எனாமல் கோப்பை, அதனடியில் பெயிண்டில் உரியவரின் பெயர். வருகிறவர் தன் கோப்பையை எடுத்து, டீ குடித்து, மேசைத் தட்டில் கவிழ்த்து வைப்பார். மறுநாள் காலையில் அவை ஆணிக்குத் திரும்பும். மாலையில் பூட்டும்போது எவருடைய கோப்பை ஆணியிலேயே தொங்குகிறதோ, அவர் அன்று வரவில்லை. இரண்டு பேர் போய் அவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். முன்பு ஒரு டீச்சர் வீட்டுக்குள் செத்துக் கிடந்ததை, நாற்றம் வந்த பிறகே தெரு அறிந்தது. அதிலிருந்து வந்த வழக்கம் இது.

கதவைத் தட்டும் வழக்கத்தை மட்டும் அவளிடம் யாரும் சொல்லவில்லை. நேற்று வந்தவளிடம், நீ உயிரோடு இருக்கிறாயா என்று தினமும் பார்ப்போம் என்று எப்படிச் சொல்வது?

புருஷன் போன பின், வாடகை குறைவு என்று இந்த ஊருக்கு வந்தவள் அவள். மருந்துக்கடை மாடியில் ஓர் அறை, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. மன்றத்தில் அவள் பெயர் ‘புதுசு’. வெளியாட்களுக்கு வைத்திருந்த கண்ணாடி டம்ளரில்தான் அவளுக்கு டீ.

“நீ டிக்கெட் எடுக்காம ஏறின ஆளும்மா,” என்பார் டிரைவர். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்ந்தவர்.

“அப்போ இறக்கி விட்டுடுங்கண்ணே.”

“இருக்கறதே நாலு உருப்படி. உன்னையும் இறக்கிட்டு வெறும் வண்டியையா ஓட்டச் சொல்றே? உனக்கும் ஒரு ஆணி அடிச்சிடலாம். பிட்டர் சுத்தியல் கொண்டு வரணும், அவ்வளவுதான்.”

“என் சுத்தியல் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா? வாயை ஓட்டாம காயை அடிய்யா,” என்பார் எதிரே உட்கார்ந்திருக்கும் பிட்டர். ஆலையில் இயந்திரம் பூட்டியவர். சிரித்தால் பல் கொட்டிவிடும் என்பதுபோல் முகத்தை வைத்திருப்பார். தினமும் டிரைவரிடம் தோற்பதற்கென்றே வருகிறவர்.

அன்று விடாத மழை. வேலை முடிந்து அவள் வந்தபோது மன்றத்தில் யாருமில்லை. சாவி வைத்திருக்கும் அக்காவுக்கு முழங்கால் வலி. காலையில் வந்து திறப்பாள், மாலையில் வந்து பூட்டுவாள். நடுவில் மன்றம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அவள் சுவரைப் பார்த்தாள். எல்லாக் கோப்பைகளிலும் பழைய டீக் கறை. கறையைக் கண்டால் சும்மா இருக்கிற கை இல்லை அவளுடையது. எல்லாவற்றையும் இறக்கி, சலவைச் சோடா போட்டுத் தேய்த்து, தட்டில் வரிசையாகக் கவிழ்த்தாள். யார் கழுவியது என்று நாளைக்குக் கேட்பார்கள். அப்போதாவது அந்த ஆணியைப் பற்றி யாராவது பேச்செடுப்பார்கள். அந்த நினைப்போடு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனாள்.

பிறகு நனைந்து வந்த ஓரிருவர், தட்டிலிருந்தே தங்கள் கோப்பையை எடுத்துக்கொண்டார்கள். பூட்ட வந்த அக்கா வெறும் சுவரைப் பார்த்தாள். இந்த மழையிலும் எல்லாரும் வந்துவிட்டுப் போயிருக்கிறார்களே என்று அவளுக்கு மனம் குளிர்ந்தது. பூட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் மாலை பிட்டர் கேரம் போர்டின் முன் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“நேத்து மழையில நான் வரல. அவன் வந்தானா?”

“வந்தாரே. நேத்து பூட்டும்போது சுவர்ல ஒரு கப்புகூட இல்லையே,” என்றாள் அக்கா.

“கப்பைக் கேக்கல. ஆளை யார் பாத்தது?”

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

“கப்பெல்லாம் நான்தான் கழுவி வச்சேன்,” என்றாள். “எல்லாத்தையும்.”

பிட்டர் அவளைப் பார்த்தார். செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் ஓடினார்.

டிரைவர் குளியலறைத் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கதவைக் குத்திக் குத்தி விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. உயிர் இருந்தது. “நேத்து ராத்திரியே கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்,” என்றார் டாக்டர். விடிவதற்குள் அந்த வார்த்தை ஊர் முழுக்கப் போய்விட்டது. விடிந்து சற்று நேரத்தில் டிரைவரும் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியின் மேல் மாடி வார்டுகளிலிருந்து வழக்கம்போல் அழுக்குத் துணி மூட்டைகள் சலவைக்கூடத்துக்கு இறங்கி வந்தன. எந்த விரிப்பு அவருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் அவருடையதாகவே நினைத்துத் துவைத்தாள்.

அடக்கத்தின்போது கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பாள். அதன்பின் மன்றத்துப் பக்கமே போகவில்லை. வேலை, அறை, சன்னல். அடுத்த ஊருக்குப் போய்விடலாம் என்று பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தும் வைத்தாள். அங்கே போய் மட்டும் என்ன? செய்ததை இங்கேயே விட்டுவிட்டுப் போக முடியுமா?

ஒரு நாள் மாலை கதவு தட்டப்பட்டது. மூச்சு வாங்கியபடி அக்கா, அவளுக்குப் பின்னால் பிட்டர்.

“இருக்கியா?” என்றார் பிட்டர்.

“இருக்கேண்ணே.”

“சரி.” திரும்பி நடந்தார்.

“எதுக்கு வந்தீங்க?”

“உன் கப்பு ஆணியிலயே தொங்குது.”

“எனக்கு ஏது ஆணி?”

“நேத்துதான் அடிச்சேன். அவன் சொல்லி வச்ச வேலை.”

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்டி. சாவு பத்திச் சொல்ல வாய் வரல. நானும் வெறும் சுவரைப் பாத்துச் சந்தோஷப்பட்டவதானே.”

“என் மேல கோபம் இல்லையாண்ணே?” என்று கேட்டாள்.

பிட்டர் படியில் நின்றார்.

“இருக்கு. உன் மூஞ்சியைப் பாக்கவே பிடிக்கல,” என்றார். “அது வேற, ஆணி வேற.”

மறுநாள் அவள் போனாள். வரிசையின் கடைசியில் அவள் கோப்பை தொங்கியது. டிரைவரின் ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது. டீ குடித்து, கோப்பையைக் கறையோடு தட்டில் கவிழ்த்தாள். பிட்டர் காய்களைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

பூட்டும் நேரம் சுவரில் ஒரு கோப்பை மிஞ்சியிருந்தது. ஆலைக் கேட்டில் காவல் இருந்த கிழவருடையது.

“யார் போறது?” என்றாள் அக்கா.

பிட்டர் எழுந்தார். அவளும் எழுந்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. தெருக்கோடி வரை முன்னும் பின்னுமாக நடந்தார்கள். கதவை அவள்தான் தட்டினாள். உள்ளே சத்தமில்லை. மறுபடி, பலமாகத் தட்டினாள்.