மூன்றாவது நிபந்தனை

பொன்னேரி தாலுகா ஆபீசில் துப்பாக்கி லைசென்ஸ் ஃபைல்கள் என் மேஜையில்தான் இருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அந்தத் தாலுகாவில் மொத்தம் முப்பத்தொரு துப்பாக்கிகள். முப்பதால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. முப்பத்தொன்றாவது ராஜமாணிக்கத்துடையது.

அவருக்கு எளாவூர்ப் பக்கத்தில் பன்னிரண்டு ஏக்கர் நஞ்சை. காட்டுப்பன்றிக்கு மற்றவர்கள் தகர டப்பா தட்டினார்கள். இவர் பட்டணம் போய், யுத்தம் முடிந்து அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போன ரைஃபிள் ஒன்றை வாங்கி வந்தார். ஒரு தடவை தோட்டா போட்டால் எட்டு குண்டு. விசையை அழுத்த அழுத்த அடுத்தது தானாக ஏறும். எட்டாவது குண்டோடு, தோட்டாக்களைப் பிடித்திருந்த இரும்புப் பட்டை 'டிங்' என்று எகிறிச் சேற்றில் விழும். அந்தப் பட்டை அவரிடம் ஒன்றுதான் இருந்தது. ஆகவே ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் குடும்பமே முழங்கால் சேற்றில் இறங்கித் தேடும். பன்றிகள் அந்த நேரத்தில் பக்கத்து வயலில் மேயும். ஐந்து வருஷத்தில் அவர் சுட்டதாக ஊர் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு பன்றி. அதுவும் கிழடு என்றார்கள். இருந்தாலும் 'ரைஃபிள்காரர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயருக்காக அவர் உயிரையே விடுவார்.

வாங்கி வந்தபோது துப்பாக்கி முழுக்கத் தார் மாதிரி மசகு அப்பியிருந்தது. துடைத்துப் பார்த்தார், சுரண்டிப் பார்த்தார், போகவில்லை. மனைவி குணசுந்தரி தாய்வீடு போயிருந்த நாளாகப் பார்த்து, மரக்கட்டையைக் கழற்றிவிட்டு இரும்பு மொத்தத்தையும் நெல் அவிக்கிற அண்டாவில் போட்டு வேகவைத்தார். அண்டா அந்த அம்மாளின் சீதனம். அந்தப் போகத்து நெல் முழுக்க மசகு வாடை. பொங்கலுக்கு எனக்கும் ஒரு மரக்கால் அரிசி வந்தது. லஞ்சம் என்று நினைக்க வேண்டாம், மரியாதை.

"இன்னாங்க இது, லாரிக்கு அடியில படுத்துக்கினு துண்ற மாதிரி கீது" என்றாள் என் மனைவி.

அதோடு முடியவில்லை. சுட்டு முடித்ததும் குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் துருப்பிடிக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு தடவையும் அதே அண்டாதான் அடுப்பேறியது. வருஷம் முழுக்க வீட்டில் சண்டை.

லைசென்ஸ்கள் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணியோடு செத்துப்போகும். அந்த வருஷம் கடைசி நாள், மூன்றரை மணிக்கு ராஜமாணிக்கமும் குணசுந்தரியும் வந்தார்கள். துப்பாக்கி பளபளவென்று இருந்தது. அவருடைய இடது கட்டைவிரலில் பெரிய துணிக்கட்டு.

"இன்னாய்யா ஆச்சு?"

"துப்பாக்கி கடிச்சிடுச்சி சார். சார் பாப்பீங்களேன்னு காலைல உள்ளே எண்ணெய்த் துணி வுட்டுத் தொடைச்சேன். எனுக்குப் பீச்சாங்கைப் பழக்கம். பின்னால இழுத்து வச்ச இரும்பு சடார்னு மூடிக்கிச்சி."

கட்டைப் பிரித்தேன். விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. எனக்குத் துக்கமாகிவிட்டது, அவருக்காக அல்ல, ஃபைலுக்காக. ராஜமாணிக்கம் கைநாட்டு. புதுப்பிக்கும்போது இடது கட்டைவிரல் ரேகை பழைய ரேகையோடு ஒத்துப்போக வேண்டும். அவரை எனக்கு ஐந்து வருஷமாகத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாதே! மையில் தோய்த்து அழுத்தினேன். அவர் போட்ட கூச்சலில் வாசலில் இருந்த மனு எழுதுகிறவர்கள் எழுந்து நின்றார்கள். காகிதத்தில் விழுந்தது நசுங்கிய நாவல்பழம்.

டெபுடி தாசில்தார் துளசிராமன் புதிதாக வந்தவர். தினம் மெட்ராசிலிருந்து ரயிலில் வந்து போகிறவர். இரண்டு ரேகைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இது ராஜமாணிக்கத்தோட ரேகை இல்லையே."

"நான்தான் சார் ராஜமாணிக்கம்!"

"அதை நீங்க சொல்லக்கூடாது. ரேகை சொல்லணும். இல்லேன்னா அஞ்சு மணிக்குத் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடும்."

ராஜமாணிக்கத்தின் கண் கலங்கியது. விரல் வலியில் கலங்காத கண். நாளை முதல் அவர் வெறும் ராஜமாணிக்கம். எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. விதிப் புத்தகத்தைப் புரட்டி, விரலில் விபத்தென்றால் வேறு விரலை எடுக்கலாம், ஆனால் விபத்து நடந்த விதத்தை நேரில் அறிந்து பதிய வேண்டும் என்று இருந்ததைக் காட்டினேன்.

"துப்பாக்கிக்கு வாய் அந்தப் பக்கம் இருக்கு. இந்தப் பக்கம் எப்படிக் கடிக்கும்? பார்த்து எழுதுங்க அப்பாவு" என்றார் அதிகாரி என்னிடம்.

ராஜமாணிக்கம் வெறும் துப்பாக்கியின் இரும்பைப் பின்னால் இழுத்து வைத்தார். நான் கடமை தவறாதவன். வலது கட்டைவிரலை உள்ளே விட்டு, அடியிலிருந்த தகட்டை லேசாக அழுத்திப் பார்த்தேன்.

அந்த ஆபீசில் நான் சத்தமாகப் பேசினதே கிடையாது. அன்று நான் கத்தியதில் மனு எழுதுகிறவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள்.

"விபத்து நிரூபணம்" என்றார் துளசிராமன். "ஆள்காட்டி விரல் ரேகையை எடுத்துக்கிட்டு லைசென்சை எழுதுங்க."

எதைக் கொண்டு எழுதுவது? டைப்பிஸ்ட் கிரேஸ் புதுவருஷ லீவில். டெபுடி தாசில்தார்கள் கையெழுத்துப் போடுவார்கள், எழுத மாட்டார்கள். மணி நாலே முக்கால். அவருடைய ரயில் ஐந்து ஐந்துக்கு.

"எனுக்கு எழுதத் தெரியும் சார்" என்றார் குணசுந்தரி. "அஞ்சாவது வரைக்கும் படிச்சிக்கீறேன். தமிழ்ல."

"தமிழ்லயே எழுதும்மா. இப்ப சர்க்கார் பாஷை அதுதானே."

பெயர், ஊர், துப்பாக்கி எண் எல்லாம் முத்து முத்தாக விழுந்தன. அதிகாரி நிபந்தனைகளைச் சொன்னார். ஒன்று, பயிர்ப் பாதுகாப்புக்கு மட்டும். இரண்டு, அனுமதியின்றிப் பிறருக்குக் கொடுக்கக்கூடாது. சொல்லிவிட்டுக் குடையைத் தேடப் போனார். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. தண்ணீர் டம்ளரில் விரலை விட்டுக்கொண்டிருந்த என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வரி எழுதினார்.

'மூன்று: மேற்படி ஆயுதத்தை நெல் அவிக்கும் அண்டாவில் வேகவைக்கவோ, அதைக் கழுவ அந்த அண்டாவில் வெந்நீர் வைக்கவோ கூடாது.'

நான் தடுத்திருக்க வேண்டும். விரல் விண்விண் என்று தெறித்தது. பொங்கல் அரிசியும் ஞாபகம் வந்தது. இடது கையால் ஒற்றுத்தாளை வைத்து ஒற்றினேன். துளசிராமன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு, சீல் குத்திவிட்டு ஓடினார்.

பத்து நாள் கழித்து ராஜமாணிக்கம் லைசென்சோடு வந்தார்.

"சார், ஊட்ல மூணாவதா ஒண்ணு படிக்கிறா. நெசமாவே கீதா?"

கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தேன்.

"சீல் கீதா சார்?"

"இருக்கு. கையெழுத்தும் இருக்கு. மீறினா லைசென்ஸ் போயிடும்."

"அண்டா சமாச்சாரம் சர்க்காருக்கு எப்டி சார் தெரிஞ்சிது?"

"எப்படியோ தெரிஞ்சிருக்கு" என்றேன். அவர் போகிற வழியிலேயே துப்பாக்கிக்கென்று தனியாக ஒரு தகர டின் வாங்கிப்போனார்.

ஆபீசில் ஒரு வழக்கம். புது லைசென்சில் பழைய நிபந்தனைகளை அப்படியே பார்த்து எழுதுவோம். ஏறிய நிபந்தனை இறங்காது. மூன்று அதிகாரிகள் மாறினார்கள். மூன்று பேரும் அண்டாவின் கீழே கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் வீட்டுப் பொங்கல் அரிசி, அரிசி வாசனையே அடித்தது.

ராஜமாணிக்கமும் வருத்தப்படவில்லை. எளாவூர் டீக்கடையில் லாரிக்காரர்களிடம் அவர் சொன்னதை நானே கேட்டேன்: "இந்தத் தாலுகாவுல முப்பத்தோரு துப்பாக்கி கீது நைனா. எத்தினி பேருக்கு அண்டா கண்டிஷன் போட்டுக்கீறான் சர்க்காரு? எனுக்கு மட்டும்தான். அவ்ளோ டேஞ்சரான துப்பாக்கி!"

பக்கத்தில் நின்றிருந்த குணசுந்தரி அம்மாள், "ஆமா" என்றார்.