கிளி பறந்த சோப்பு

பச்சை உறை, அதில் சிவப்பு மூக்கோடு ஒரு கிளி. இருபது வருடமாக என் கடையில் ‘கிளி சோப்பு’ என்றால் அதுதான். போன மாதம் கம்பெனி கிளியைத் துரத்திவிட்டு, வெள்ளை உறையில் ‘வெர்டா’ என்று பெயர் போட்டு அனுப்பியது.

உள்ளே அதே சோப்புதான் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. “டூப்ளிகேட்ட எங்க தலையில கட்டப் பாக்குறீங்களா?” என்று என்மீதே பாய்கிறார்கள். இந்தச் சந்தடிசாக்கில் வேறொரு கம்பெனி பச்சை உறையில் குருவிப் படம் போட்டு இறக்கியிருக்கிறது. அது பிய்த்துக்கொண்டு போகிறது.

இன்று வெர்டாவின் விற்பனைப் பிரதிநிதி வந்தார்.

“நல்லா ஓடிட்டிருந்த சோப்பு சார். எதுக்கு இந்த வேண்டாத வேலை?”

“கிளி பழசுண்ணே. இப்ப எல்லாருக்கும் வெள்ளைதான் புடிக்குதுன்னு சர்வே சொல்லுது.”

“அப்ப அந்த சர்வேயக் கூட்டிட்டு வந்து கல்லாவுல உக்கார வைங்க. அதுவே வித்துக்கட்டும்.”

அதற்குள் அவருடைய போன் அடித்தது. “என்னம்மா, வீட்ல சோப்பு தீந்துபோச்சா? சரி, வாங்கிட்டு வர்றேன்.” பேசிக்கொண்டே அலமாரிக்குக் கையை நீட்டி, பச்சை உறையில் இரண்டை எடுத்துப் பையில் போட்டார்.

“சார்,” என்றேன், “அது குருவி.”