அசிசிக்கு ஒரு நாள்

யூஜினி தன் அறுபத்துமூன்று வயதுக்குள் சொன்ன பொய்களை எல்லாம் சேர்த்தாலும் ஒரு கடதாசிப் பை நிறையாது. சாப்பிட்டாச்சு, கால் நோகவில்லை, இந்த மாதிரிச் சில்லறைப் பொய்கள்தான். அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் தன் அப்பார்ட்மென்டின் குசினி மேசையடியில் இருந்து சொன்ன பொய், ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் முழுக்கப் பரவிவிட்டது.

மேசையில் கிடந்தது ஒரு பயண முகவரின் விளம்பரத் தாள். இத்தாலியின் உம்பிரியா மலைப் பக்கம், ஏழு நாள். ஆளரவம் இல்லாத குன்றுகள், ஒலிவ் தோட்டங்கள், நடுவில் ஒரு கோல்ஃப் திடல். விளையாடாதவர்களுக்கு அயலூர்களைச் சுற்றிக்காட்ட ஒரு வான் வண்டி. மச்சாள் றோசலின் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து இது என்னவென்று கேட்டபோது, யூஜினியின் கை கோல்ஃப் படங்களை மூடியிருந்தது. வெளியே தெரிந்தது, யாத்திரைக்காரர் தேடிப் போகும் அசிசி ஊரின் கல்லுக் கோயில் மட்டும்.

"அசிசி, மச்சாள். யாத்திரை ஒண்டு போவமெண்டு யோசிக்கிறன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப நானும் வாறன்" என்றார் றோசலின்.

இதை யூஜினி எதிர்பார்த்திருக்க வேண்டும். றோசலின் அவளுடைய கணவர் அன்புராசாவின் அக்கா. முதலில் கனடாவுக்கு வந்து, தம்பி குடும்பத்தை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவர். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறை வீட்டில் நாலு பேர் படுத்தெழும்பிய காலத்தில், யூஜினி ஃபக்டரிக்கு ஓட, மகன் மாக்கஸை இடுப்பில் வைத்து வளர்த்தவர். தனக்கென்று ஒரு கலியாணம் பேச அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கிடைக்க நாங்கள் விடவில்லை என்றுதான் யூஜினி நினைப்பாள். அன்புராசா போய்ச் சேர்ந்து எட்டு வருடம். மகன் கல்கரியில். அவளுக்கென்று ஒரே வீட்டில் கூட இருப்பது றோசலின் ஒருவர்தான். என் தம்பியை மறந்துவிட்டாயே என்று அந்த ஒரு முகம் திரும்பிவிட்டால் என்ன செய்வது? ஊர் வாயைப் பற்றி யூஜினிக்கு அவ்வளவு கவலை இல்லை. இந்தப் பயம்தான் அவளைத் தின்றது.

கோல்ஃப் வந்த கதை சுருக்கமானது. மாக்கஸ் ஆசைப்பட்டு வாங்கி, நாலு தரம் அடித்துவிட்டுப் போட்டுவிட்டுப் போன மட்டைகளைத் தூக்கிக்கொண்டு, போன வருடம் மே மாதம் விக்ரோறியா பார்க் ஸ்ரேசனுக்குப் பக்கத்துத் திடலுக்குப் போனாள். தனியாக வருகிறவர்களை வேறு ஆட்களோடு சேர்த்து அனுப்புவது கோல்ஃப் வழக்கம். அங்கே நின்ற வெள்ளைக்காரர் அவளை அமிர்தநாதரோடு சேர்த்து அனுப்பினார். சாதகமும் பார்க்கவில்லை, தரகரும் வரவில்லை. மன்னார்க்காரர், ரொறன்ரோவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவரும் துணையை இழந்தவர். மட்டைகள் அவளுக்கு உயரம் கூட என்று கண்ட மனுசன், அடுத்த கிழமை அவற்றை வாங்கிக்கொண்டு போய், ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலம் வெட்டிப் புதுப் பிடி போட்டுக் கொண்டுவந்தார். முதல் அடி நேராகப் போனது. யூஜினியின் மனமும் அன்றைக்கே போய்விட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்? வீட்டில் மட்டும், பார்க்கில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் அவர் அந்த விளம்பரத் தாளை நீட்டினார். அறை வேறு வேறு என்று முதலிலேயே சொல்லிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "விளையாட்டு முடிஞ்சா நீங்கள் உங்கட பஸ்ஸில, நான் என்ரை காரில. ஒரு கிழமையாவது காலமை எழும்பி உங்களோட இருந்து தேத்தண்ணி குடிக்கோணும் போல கிடக்கு."

அதற்குப் போய் யாத்திரை என்று பெயர் வைத்தாயிற்று. ஞாயிறு பூசை முடிய, ஆளாளுக்கு மன்றாட்டு எழுதிய கடதாசிகளைக் கொண்டுவந்து றோசலினின் கையில் திணித்தார்கள். ஒருத்தி மகளுக்குப் பிள்ளை வேண்டும் என்றாள், ஒருத்தி மருமகன் குடியை விட வேண்டும் என்றாள். அசிசி அந்த வான் வண்டியில் போய் ஒரு நாள் பார்க்கும் இடம், மிச்ச ஆறு நாளும் புல்வெளிதான் என்று யாரிடம் சொல்வது?

அமிர்தநாதர் இதைக் கேட்டு முதலில் சிரித்தார். தன்னை யாத்திரையில் பூசை வைக்க வருகிற சுவாமி என்று அறிமுகப்படுத்தப் போகிறாளோ என்று கேட்டார். பிறகு பந்தை எடுத்துப் பையில் போட்டார்.

"என்னை ஒளிச்சு வைக்கிறதெண்டா வேண்டாம், யூஜினி. ஒளிச்சிருக்கிற வயசில நான் இல்லை. வெள்ளிக்கிழமை பேர் குடுக்கோணும். வராட்டிச் சொல்லுங்கோ, கோவிக்க மாட்டன்."

கோபித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இரண்டு இரவு யூஜினி கட்டிலில் புரண்டாள். வியாழக்கிழமை பின்னேரம், யாத்திரைக்கு என்று வாங்கிய புதுச் சப்பாத்தைப் பழக்குவதற்காக வீட்டுக்குள் றோசலின் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் யூஜினி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கோல்ஃப், மன்னார்க்காரர், வெட்டிய மட்டை, தேத்தண்ணி, எல்லாம்.

றோசலின் நடப்பதை நிறுத்தினார். "அப்ப அசிசி பொய்யோ?"

"அசிசியும் இருக்கு, மச்சாள். ஒரு நாள்."

அவர் கதிரையில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றி, பெட்டிக்குள் வைத்து மூடி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். யூஜினி அடுப்படியில் நின்றாள். சோறு வடித்தாள். கறியைச் சூடாக்கினாள். கதவு திறக்கவில்லை. எல்லாம் முடிந்தது, அமிர்தநாதருக்குப் போன் எடுத்து வரவில்லை என்று சொல்வோம், மச்சாள் இல்லாமல் தனக்கு எந்த மலையும் வேண்டாம் என்று தீர்மானித்து அழுதுகொண்டிருந்தபோது பின்னால் சத்தம் கேட்டது.

"பொய் சொன்னதுதான் எனக்கு நோகுது. ஒரு வருசம் பார்க்கில நடக்கிறனெண்டு சொன்னியே. நான் ஆர் உனக்கு?"

றோசலின் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவித் தனக்குச் சோறு போட்டார். அவளுக்கும் போட்டார்.

"என்ரை தம்பி நல்லவன்தான். ஆனா உன்னை நயாகராவுக்கே ஒருக்காத்தான் கூட்டிக்கொண்டு போனவன். அதுவும் லண்டனில இருந்து ஆக்கள் வந்தபடியால். நான் பாக்கேல்லையே? பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

யூஜினி அழுகையோடு சிரித்துவிட்டாள். றோசலின் சிரிக்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, அந்த மனுசன் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று விசாரித்தார். பிறகு சொன்னார்: "நாளைக்குப் பேரைக் குடு. ஞாயிற்றுக்கிழமை எங்கட பூசைக்கு வரச்சொல்லு. எங்கட வாங்கிலயே, எங்களோட இருக்கட்டும்."

"எல்லாரும் பாப்பினம், மச்சாள்."

"பாக்கத்தானே வரச் சொல்லுறன். எனக்குப் பக்கத்தில வேண்டாம். உனக்கு அங்காலப் பக்கம் இருக்கட்டும்."

யூஜினிக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. வாங்கில் அந்தப் பக்கம், அன்புராசா பூசைக்கு வந்தால் அமர்கிற இடம். எட்டு வருடமாக அதில் வேறு யாரையும் றோசலின் இருக்க விட்டதில்லை.