இன்று கார்டு மட்டும்

பசி வயிற்றில் இல்லை, இடுப்பில் இருந்தது. கிரீஸ் டிராப் திறக்கிற நாளில் காலையில் நான் ஒன்றும் சாப்பிடுவதில்லை. இந்த வேலைக்கு வந்த புதிதில் இரண்டு பரோட்டா தின்றுவிட்டுப் போய், மூடியைத் தூக்கியதும் அத்தனையையும் அதற்குள்ளேயே கக்கினேன். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே அதையும் சேர்த்து உறிஞ்சச் சொன்னான். அதற்குப் பிறகு பால் இல்லாத ஒரு கட்டன் சாயா, அவ்வளவுதான். வெறும் வயிற்றோடு குனிந்து இரும்பு மூடியை நெம்பினால் பசி கீழே இறங்கி இடுப்பைக் கவ்விக்கொள்ளும், நிமிரவிடாது. அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் அபுதாபிப் பக்கம் ருவைஸில் பெங்காலி ஹோட்டலின் பின்வாசலில் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றேன்.

ஹோட்டல்களில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகாது. தரைக்கடியில் புதைத்த ஒரு பெட்டியில் விழும். தண்ணீர் அடியில் வடிந்து போய்விடும், கொழுப்பு மேலே மிதந்து கட்டிப்படும். அந்தப் பெட்டிதான் கிரீஸ் டிராப். மாதாமாதம் எங்கள் டேங்கர் வந்து உறிஞ்சாவிட்டால் பலதியாக்காரன், அதாவது முனிசிபாலிட்டிக்காரன், கடைக்கு அபராதம் எழுதிவிடுவான். நான் கடற்கரையில் பிறந்தவன். அப்பா கரமடி வலை இழுத்தவர், நான் மீசை முளைக்கும் முன்னே ஐஸ் பெட்டி சுமந்தவன். அழுகின மீன்குடலுக்கு நடுவில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். ஆனால் மீன் அழுகினால் மீன் நாற்றம்தான் வரும். இது மனுஷன் தின்று மிச்சம் வைத்தது. மூடியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஆடை படிந்து கிடக்கும். அதில் கோழித்தோல், டீத்தூள், முடி, சமையல்காரன் விரலில் இருந்து கழன்ற பிளாஸ்திரி. கொக்கியால் குத்தினால் ஆடை உடைந்து அடியிலிருந்து அழுகின முட்டை நாற்றம் முகத்தில் அறையும். எபின் ஹோஸை உள்ளே விடுவான், நான் ஓரத்தில் ஒட்டினதைச் சுரண்டித் தள்ளுவேன். எபின் எங்கள் பக்கத்துப் பையன்தான், குளச்சல். கல்யாணம் ஆகி எட்டு மாதம். பொண்டாட்டியிடம் டேங்கர் டிரைவர் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். டேங்கரில் என்ன என்று அவள் இன்னும் கேட்கவில்லை.

நாங்கள் மூடியைத் திறந்தால் அக்கம்பக்கத்துக் கடைகளில் ஜன்னல் சாத்துவார்கள். மூக்கைப் பொத்தாத ஒரே ஆள் இந்த ஹோட்டல்கார சித்தீக் சாச்சா. பின்வாசலில் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். சர்க்கரை வியாதி இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது, காலில் ஆறாத புண். "நான் வித்த கொழுப்புதானே பேட்டா, நானே மூக்கைப் பொத்துனா நல்லாவா இருக்கும்" என்பார். எல்லாம் ஹிந்தியில்தான் பேசுவோம், அவர் ஹிந்தியும் என் ஹிந்தியும் ஒரே தரம். ஞானையா என்ற என் பெயர் அவர் வாயில் நுழையாது. கியான் என்று கூப்பிடுவார். வேலை முடிந்ததும் அங்கேயே ஒரு தட்டுச் சோறு வரும். எங்களை உள்ளே விடமாட்டார்கள், அது நியாயம்தான், எங்கள் உடம்பு அப்படி நாறும்.

சாச்சா சிட்டகாங்காரர். ரிஃபைனரி கட்டிக்கொண்டிருந்த காலத்தில் கேம்ப் சமையலுக்கு வந்தவர். பிறகு கஃபீலாக, அதாவது ஸ்பான்சராக, ஓர் அரபியைப் பிடித்து, அவன் பெயரில் லைசென்ஸ் எடுத்து நாலு மேஜை போட்டார். சோறு, பருப்பு, மீன், வெள்ளிக்கிழமையானால் மாட்டுக்கறி. அந்தக் கறிக்கான மசாலா ஊரிலிருந்து வரும். பொண்டாட்டி மனுவாரா பேகம் வறுத்து இடித்துப் பால்பவுடர் டின்னில் அடைத்து, லீவு முடிந்து திரும்புகிற எவன் கையிலாவது கொடுத்தனுப்புவாள். மகன் சாகிர் வளர்ந்து வந்து ஷவர்மாவும் ஃப்ரைட் ரைஸும் சேர்த்தான். பேரன் ஆரிப் இங்கேயே பிறந்து இங்கிலீஷில் படித்தவன், கறியைப் போனில் படம் பிடித்து ஆப்பில் போட்டு விற்கிறான். நாலு மேஜை இருபதாயிற்று, போர்டு மூன்று தடவை மாறிற்று. மசாலா மட்டும் அந்த டின்தான். இத்தனைக்கும் அந்தம்மா இந்தக் கடையை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.

அவள் அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின மாதம் செத்துப்போனாள். புண்ணோடு பிளேன் ஏறக்கூடாது என்று சாச்சாவை இங்கேயே விட்டுவிட்டு, சாகிர் மட்டும் போய் மண் போட்டுவிட்டு வந்தான். வரும்போது அடுக்களையில் மிச்சமிருந்த கடைசி டின்னைக் கொண்டுவந்தான். அடுத்த வாரம் நான் ஒரு பைப் அடைப்புக்காகப் போனபோது சாச்சா அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நாப்பதாம் நாளுக்கு மெஜ்பான் குடுக்கணும், கியான்" என்றார். "செத்தவங்க பேர்ல ஊருக்கே சோறு போடறது. எங்க சிட்டகாங் வழக்கம்."

"யாரையெல்லாம் கூப்பிடுவீங்க?"

"கூப்பிடறதுக்கு அது கல்யாணமா? கேள்விப்பட்டவன் எவனும் வரலாம். எதிரி வந்தாலும் உக்கார வைக்கணும். வாசல்ல நின்னு நீ யாருன்னு கேக்கக் கூடாது. சாகிர்கிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டான். நீ உன் கேம்ப்ல சொல்லு. தமிழன், நேபாளி, பட்டாணி, எவனானாலும் வரட்டும். மாடு தின்னாதவனுக்கு ஆடு தனியா இருக்கு." டின் மூடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இத்தனை வருஷம் அவ மசாலாவை வித்தே தின்னோம். ஒரு வேளையாவது விக்காம போடணும்."

நான் சொன்னேன். பஸ்ஸில் சொன்னேன், மெஸ்ஸில் சொன்னேன், கக்கூஸ் வரிசையில் நின்றவனிடம்கூடச் சொன்னேன். கேட்டரிங்காரன் போடுகிற காய்ந்த பாக்ஸ் சோற்றைத் தின்று நாக்கு செத்தவர்கள். வாரம் பூராவும் அதே பேச்சுத்தான்.

நாற்பதாம் நாளான அந்த வெள்ளிக்கிழமை டிராப் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஜும்மா நேரத்தில் கடை சாத்தியிருக்கும்போது முடித்துவிடச் சொல்லி சாகிர் போன் பண்ணியிருந்தான். நாங்கள் சுரண்டி முடிக்கையில் தொழுகை விட்டு வந்துவிட்டார்கள். சாச்சா வெள்ளை ஜிப்பா போட்டு அத்தர் பூசியிருந்தார். அந்த அத்தரும் டிராப் நாற்றமும் கலந்து இன்னும் மோசமாக நாறியது.

"இன்னிக்கு நீ பின்னாடி தின்னக் கூடாது. குளிச்சிட்டு முன்வாசல் வழியா வா" என்றார். ஆரிப் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான்.

லாரியில் இருந்த தண்ணீரில் கழுவி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு நானும் எபினும் முன்பக்கம் போனோம். சுவரோரத்து ஒரு முழ நிழலில் முப்பது பேருக்குமேல் முதுகை ஒட்டி நின்றார்கள். அத்தனையும் எங்கள் கேம்ப். கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மெஜ்பான் ஸ்பெஷல், இருபத்தைந்து திர்ஹம். அதற்குக் கீழே, இன்று கார்டு மட்டும். உள்ளே மேஜைகள் நிரம்பிக்கிடந்தன. குடும்பத்தோடு வந்தவர்கள், கழுத்தில் ஐடி தொங்குகிற ஆட்கள்.

ஸ்கஃபோல்டிங் வேலை செய்கிற கௌஸ் முகைதீன் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தான், மேலப்பாளையத்துக்காரன். "வாரும்வே. ஓசிச் சோறுன்னு ஊரையே கூட்டியாந்துட்டீரு. நாங்களும் கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி சட்டையெல்லாம் தேச்சு போட்டு வந்தோம்."

"நான் என்னத்தக் கண்டேன் கௌசு."

"சரி, ஓசி வேண்டாம், துட்டு தாரேன்னு சொல்லியும் பாத்தாச்சு. வாங்க மாட்டேங்கான்." கையில் ஒரு நோட்டை விரித்துக் காட்டினான். "கார்டு வேணுமாம். நம்ம சம்பளக் கார்டுல என்னவே கெடக்கு, முத நாளே வழிச்சு ஊருக்கு அனுப்பியாச்சு."

கதவருகே கார்டு மெஷினை வைத்துக்கொண்டு ஆரிப் நின்றான். ரொக்கம் ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். அவன் கூச்சமே இல்லாமல், ஏதோ கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிற மாதிரி சொன்னான்: "கேஷ் ட்ராயர் தொறந்தா பெல் அடிக்கும் அங்கிள். தாத்தா கேட்டுருவாரு. இதுல பேப்பர் மட்டும்தான் வரும்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகுதான் உறைத்தது, கண் தெரியாதவர் காதில் துட்டு வாங்குகிற சத்தம் விழக்கூடாது, அதற்குத்தான் கார்டு.

சாகிர் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்து தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். அவன் கெட்டவனில்லை, அதுதான் பிரச்சினை. கண்ணுக்குக் கீழே கருத்து, சட்டைக் காலர் பிய்ந்திருந்தது. "பாய், நீயே சொல்லு. ஓசியா போடணும்னா பர்மிஷன் வேணும்கிறான் பலதியாக்காரன். கஃபீல் இந்த வருஷம் பணத்தை ஏத்திட்டான். ஆப்காரன் கமிஷன் தனி. அவரு வாழ்க்கை பூரா சோறு போட்டேன் போட்டேன்னு சொல்றாரு, வாடகை யாரு போட்டா? அவரு சந்தோஷமா உக்காந்திருக்காரு. எல்லாரும் தின்னுட்டுத்தானே போறாங்க. அம்மாவுக்கு அதுல என்ன கொறஞ்சு போச்சு?" பிறகு குரலை இறக்கினான். "பின்னாடி வா, உனக்கும் உன் ஆளுக்கும் ரெண்டு பார்சல் தரேன். அவர்கிட்ட ஒண்ணும் பேச வேண்டாம். கலாஸ், அதோட முடிஞ்சுது."

நான் தோளை உருவிக்கொண்டேன். எபின் என் காதில் சொன்னான்: "அண்ணே, நமக்கு எதுக்கு வம்பு. பார்சல் தாரான்னா வாங்கிட்டுப் போவோம். பசி உயிர் போவுது."

"நீ போய் வாங்கிக்க."

அவன் போனான். நான் அவனைத் திட்டமாட்டேன். என் கார்டில் மகள் பீஸுக்கு வைத்த பணம் கொஞ்சம் கிடந்தது. மெஷினில் தேய்த்தேன். அது கிர்ரென்று ஒரு துண்டுத்தாளைத் துப்பியது. உள்ளே போனேன்.

கடைசி மூலையில், ஏசிக்குக் கீழே, சாச்சாவை உட்கார வைத்திருந்தார்கள். என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். "சோப்பு போட்டும் போகல பாரு" என்று சிரித்தார். "உக்காரு. முதல்ல தின்னு." தட்டு வந்தது. கருஞ்சிவப்பாகக் கறி, வெள்ளைச் சோறு, எலும்பும் சுரைக்காயும் போட்ட பருப்பு. நான் அள்ளி வாயில் வைத்தேன். நன்றாக இருந்திருக்கக் கூடாது. ஆனால் அப்படி ஒரு ருசி, கை தானாக அடுத்த உருண்டையைப் பிடித்தது. என் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

"கேம்ப்காரங்க வந்தாங்களா?"

"வந்தாங்க சாச்சா." அது பொய்யில்லை.

"எங்க? சத்தமே காணோமே. பசிச்சவன் கூட்டமா தின்னா ஒரு சத்தம் இருக்கும்."

நான் மென்றுகொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் ஒருவன் விரலைச் சொடுக்கி சப்ளையரைக் கூப்பிட்டான். இது வெறும் எலும்பு, மாத்திக் கொண்டா, கிரேவியும் இன்னும் கொஞ்சம் என்றான். சாச்சா தலையை அந்தப் பக்கம் சாய்த்தார். வேறொரு மேஜையில் ஒருத்தி, சோறு ஆறிவிட்டது என்று சடைத்தாள். வாசல் பக்கம் மெஷின் கிர்ரென்றது. மறுபடி கிர்ரென்றது.

"கியான்" என்றார். "செத்தவ பேர்ல போடற சோத்துல எலும்பை மாத்தித் தான்னு எவனும் கேக்க மாட்டான். துட்டு குடுத்தவன் குரல் எனக்குத் தெரியாதா? கல்லாவுல உக்காந்து அதைத்தானே கேட்டுக்கிட்டு இருந்தேன்." என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. "நீ குடுத்தியா?"

சாகிர் தூரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். வாயிலிருந்த சோற்றை நான் விழுங்கினேன்.

"குடுத்தேன் சாச்சா."

"எவ்வளவு?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "கறிக்கு அது சரியான விலைதான்" என்றார். கடைக்காரர் வாய், அதற்கு வேறென்ன தெரியும். பிறகு மகனைக் கூப்பிட்டு அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். டின் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. சாகிர் தரையைப் பார்த்துக்கொண்டு, காலி என்றான், அது எனக்கும் புரிந்தது. சாச்சா எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பின்னாடி கூட்டிட்டுப் போ."

அடுக்களை வழியாகப் போனோம். பெரிய தேக்சா வழித்துத் துடைத்துக் கிடந்தது. கடைசிக் கறியை டப்பாக்களில் அடைத்து ஆப் ஆர்டருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் டெலிவரி பைகள். பின்வாசலில் எண்ணெய் டின்னில் அவரை உட்கார வைத்தேன். வெளியே நிற்கிறவர்களை இங்கே அழைத்து வா, இருக்கிறதைப் பங்கு வைப்போம் என்றார். ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வராமல் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனேன். சுவரோரம் காலியாக இருந்தது. நிழலும் போய்விட்டது. கேம்ப் பஸ் தூரத்தில் ரவுண்டானாவில் திரும்பிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது எபின் லாரி நிழலில் உட்கார்ந்து பார்சலைத் தின்றுகொண்டிருந்தான். எனக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தான். உள்ளே தட்டுக் கழுவ ஆரம்பித்திருந்தார்கள். நாங்கள் சற்றுமுன் சுரண்டிச் சுத்தமாக்கிய டிராப்பில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மூடி இன்னும் பாதி திறந்துதான் கிடந்தது. மேலே சிவப்பாக எண்ணெய் படர்ந்துகொண்டிருந்தது. வறுத்த மல்லியும் கடுகும் கலந்த அந்த வாசம் மேலே வந்தது. சாச்சா முகத்தை அதன் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

"யாரும் இல்ல சாச்சா. போயிட்டாங்க."

"மூடியைப் போடு" என்றார்.

போட்டேன். அவர் புண்காலை நீட்டி அந்த மூடிமேல் வைத்துக்கொண்டார். அடியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"மனுவாராவுக்கு நான் ஒரு வேளைச் சோறு போடணும், கியான்" என்றார். "இன்னும் போடல."