காத்து இருக்கு

ஓடுபாதையின் மேலிருந்த காற்று காணாமல் போன வருடம், சன்னல் என்று எல்லோரும் கூப்பிட்டவனுக்கு வயது இருபத்து மூன்று. விமான நிலையத்தின் மதிலுக்கு வெளியே, தெருக்கோடி மாடியறையில் ஒரு வெல்டரோடும் ஒரு டிரைவரோடும் தங்கியிருந்தான். காணாமல் போன காற்று முழுவதும் அந்த அறையில்தான் இருந்தது.

வந்த அன்றே அறையின் சன்னலைத் திறக்கப் போய்க் கைப்பிடியை உடைத்ததால் அவனுக்கு அந்தப் பெயர். விமானச் சத்தம் தாங்காமல் முன்பு குடியிருந்த யாரோ அதைப் பெயின்ட் அடித்தே மூடியிருந்தார்கள். வேலை, விமானங்களின் வயிற்றுக்குள் பெட்டி அடுக்குவது. எதற்கெடுத்தாலும் பதறுகிற ஆள். ஊரான் பெட்டியின் பூட்டைக்கூட இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பான். ஊரில் இருந்த அக்கா ஆஸ்பத்திரி நர்ஸ். வார்டில் போனைக் காதில் வைக்க முடியாது, படிக்கத்தான் முடியும். பெட்டி தூக்கிக் காய்த்துப்போன இவன் விரலோ ஒரு எழுத்திலும் சரியாக விழாது. அதனால் இவன் பேசுவான், போன் எழுதும். அக்கா தினமும் கேட்பது ஒன்றுதான்: "ரூம்ல காத்து வருதாடா?" இவன் தினமும் சொல்லும் பொய்யும் ஒன்றுதான்: "காத்து இருக்குக்கா." போன் சொற்களைச் சேர்த்து ஒட்டி, 'காத்திருக்குக்கா' என்று எழுதும். "எதுடா காத்திருக்கு?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். இவன் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு மறந்துபோனான். சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று. போன் எழுதியதைத்தான் காற்று பிடித்துக்கொண்டது.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. முதலில் காது அடைத்தது. பிறகு கெட்டிலில் தண்ணீர் கொதிக்க அடம் பிடித்தது. வெளியிலிருந்து வருகிறவன் கதவைத் தோளால் முட்டித்தான் உள்ளே நுழைய வேண்டும். டிரைவர் திங்கட்கிழமை விளையாட்டாக விட்ட காகித விமானம் வியாழக்கிழமையும் விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. படுத்தால் நெஞ்சின் மேல் யாரோ ஏறிப் படுத்தது போலிருக்கும். விட்ட மூச்சு போகாமல் முகத்தருகிலேயே நிற்கும். சன்னல் போனில் பேசத் தொடங்கினால் போதும், கொடியில் கிடக்கும் சட்டைகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

"இது காத்து இல்ல தம்பி, காத்து கருப்பு," என்றார் வெல்டர்.

"அப்ப வாடகைல அதுக்கும் ஒரு பங்கு போடுங்கண்ணே," என்றான் டிரைவர். அதற்கப்புறம் அவனும் போர்வையைத் தலையோடு இழுத்துத்தான் படுத்தான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. எஞ்சின் தள்ளும், இறக்கை விரியும், தாங்குவதென்னவோ காற்றுதான். காற்று மெலிந்தால் அதே இறக்கைக்குக் கூடுதல் வேகம் வேண்டும், கூடுதல் பாதை வேண்டும். வெயில் ஏறினால் காற்று மெலியும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படித்தான் என்று நினைத்துப் பெட்டிகளைக் குறைத்து ஏற்றினார்கள். பிறகு குளிர்ந்த காலைகளிலும் விமானங்கள் கடைசிக் கோடுவரை ஓடி, வேலியை உரசாத குறையாக எழும்பின. திசை காட்டும் காற்றுப்பை கம்பத்தில் ஈரத்துணி போலத் தொங்கியது. பறவைகள் பாதையை நடந்து கடந்தன.

அக்காவுக்கும் தம்பி இருந்த இடத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து அவள் வந்து சேரவேண்டிய காலையில், பாதையின் மேல் காற்று என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அவளுக்கு முந்தி இறங்கிய விமானம், படி இருக்கிறதென்று கால் வைத்தவன் போலத் தொப்பென்று விழுந்து டயர் வெடித்து நின்றது. அதை இழுத்துப் போட்டார்கள். அக்காவின் விமானம் மேலே சுற்றியது. பக்கத்து நிலையத்தைப் பனி மூடியிருந்தது. எரிபொருள் சுற்றுக்குச் சுற்று குறைந்தது.

"எதைப் புடிச்சு எறங்குவான்? அங்க காத்து இருக்கா?" என்று தலையில் கைவைத்தார் சூப்பர்வைசர். அந்தச் சொல் காதில் விழுந்ததும், போன் ஒட்டி எழுதியது சன்னலுக்கு நினைவு வந்தது. எடுத்தான் ஓட்டம்.

அறையில் சட்டைகள் வாசலைப் பார்த்திருந்தன. வெல்டரின் சுத்தியலை எடுத்துச் சன்னலை உடைத்தான். கண்ணாடித் துண்டுகள் விழாமல் அந்தரத்தில் மெல்லச் சுற்றின. காற்று நகரவில்லை, அது காத்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் போனை எடுத்து, எப்போதும் போலப் பேசினான். "அக்கா வந்துட்டா. மேல நிக்குறா. காத்திருந்தது போதும், வா." போன் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியது.

அவன் தெருவில் நடந்தான்; திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் மாடிதோறும் துணிகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்று, அவன் கடந்ததும் விழுந்தன. நாய் ஒன்று வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டது. காகித விமானம் தலைக்கு மேலே கூடவே வந்தது. வேலியை அடைந்ததும் காற்றுப்பை ஒருதரம் இருமி நிமிர்ந்தது. தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல அக்காவின் விமானம் இறங்கியது.

அக்கா காதைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தாள். "ஏன்டா இப்படி மூச்சு வாங்குது? ரூம்ல காத்து இருக்கா இல்லையா?"

"இப்ப இல்லக்கா. இங்க கொண்டாந்து விட்டுட்டேன்."

"நல்லா விட்ட, போ. பெட்டியத் தூக்கு."

அந்தக் காற்றுப்பை இப்போதும் சன்னல் வேலைக்கு வரும் பக்கம் திரும்பித்தான் நிற்கிறது. விமானிகளும் அதற்குத் தக்கபடி இறக்கப் பழகிக்கொண்டார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்து இதைப் படிப்பவர்கள், போன் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருதரம் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வீட்டுக்குப் பேசி முடித்ததும் சன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.