பக்கத்துக் கட்டிலுக்குச் சொன்னது

பெயிண்டர் தன் மச்சானுக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து அறுநூறு. மச்சான் டைல்ஸ் பதிக்கிறவர். தரையானாலும் மனுஷனானாலும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அதனால் வேலையிடத்தில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். பெயிண்டரின் மனைவி அவருக்குக் கூடப்பிறந்த தங்கை.

அந்தக் கடன் வந்த வழி வேறொன்றுமில்லை. ஒருநாள் பெயிண்டரின் கண் மஞ்சளாகிவிட்டது.

"என்ன மாப்ளே, சுவத்துக்கு அடிச்சது கண்ணுல தெறிச்சிடுச்சா?" என்று ரசமட்டம் கேலி பண்ணினார். பெயிண்டரும் சிரித்தார். ஆனால் உடம்பு முழுக்க அரிப்பு, சிறுநீர் டிகாஷன் நிறம், வலது விலாவுக்குக் கீழே பிடுங்குகிற வலி. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பித்தப்பையை எடுத்து வருஷக்கணக்கு ஆகியும், பித்தக் குழாயில் கல் சேர்ந்திருந்தது.

"ஈரல்லேருந்து பித்தம் குடலுக்கு இறங்குற வழி அது. அடைச்சிருக்கு" என்றார் டாக்டர்.

ரசமட்டத்துக்கு உடனே விளங்கிவிட்டது. பாத்ரூம் தரைக்கு எவ்வளவு நன்றாகச் சரித்து வாட்டம் கொடுத்தாலும், வடிகுழாயின் வாயில் ஒரு ஜல்லி சிக்கினால் போதும், தண்ணீர் அப்படியே நின்றுவிடும்.

"வயித்தைக் கிழிப்பீங்களா டாக்டர்?"

"இல்லை. வாய் வழியா கேமரா வெச்ச குழாயைக் குடல்வரைக்கும் இறக்கி, அங்கேருந்தே கல்லை இழுப்போம்."

கிழிக்காத வைத்தியத்துக்கும் காசு வேண்டுமே. ரசமட்டம் கொடுத்தார்.

மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். பித்தக் குழாய் குடலில் திறக்கிற வாயைக் கொஞ்சம் கீறி, சின்னக் கற்களை இழுத்துவிட்டார்கள். பெரியது ஒன்று மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. பித்தம் அதன் ஓரமாக வடியட்டும் என்று பிளாஸ்டிக்கில் ஒரு ஸ்டென்ட், அதாவது சின்னக் குழாய், உள்ளே வைத்தார்கள். மூன்று மாதத்துக்குள் வந்தால் குழாயையும் கல்லையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று சீட்டிலும் எழுதினார்கள். நர்ஸ் தங்கையிடம் சொல்லவும் செய்தாள்.

கண் வெளுத்தது, பசி எடுத்தது, பெயிண்டர் வேலைக்குப் போனார். ரசமட்டத்தின் வாயும் வேலைக்குப் போனது. கடனை அவர் நேரடியாகக் கேட்க மாட்டார். நாலு பேர் டீ குடிக்கிற நேரம் பார்த்து, "எங்க மாப்ளை வயித்துல என் காசு கிடக்குதப்பா. எப்ப வெளிய வரும்னுதான் தெரியல" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே இருப்பார்.

மூன்று மாதம் நெருங்குகிற சமயத்தில் பெயிண்டர் வந்து பணத்தை மொத்தமாக நீட்டினார். ரசமட்டம் எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எங்கேருந்து மாப்ளே புரட்டினே?"

"உழைச்ச காசுதான் மச்சான். இனிமே டீக்கடையில வேற கதை சொல்லுங்க."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அந்தக் காசில் ரசமட்டம் புதிதாக ஒரு டைல்ஸ் வெட்டும் மெஷின் வாங்கினார். பழையது கத்துகிற கத்தில் செத்தவனும் எழுந்து உட்காருவான்.

மூன்று மாதக் கெடு தாண்டி ரொம்ப நாள் ஆகவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கட்டடத்தில் வேலை. ரசமட்டம் கீழே மாடிப்படிக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தார். மேலே சாரத்தில் நின்ற பெயிண்டரின் கையிலிருந்து பெயிண்ட் உருளை நழுவி, புதுக் கல்மேல் சொத்தென்று விழுந்தது.

"கண்ணு எங்கே இருக்கு உனக்கு?" என்று நிமிர்ந்தவர், வாயை மூடிக்கொண்டார். சாரமே ஆடுகிற மாதிரி பெயிண்டர் நடுங்கிக்கொண்டிருந்தார். உச்சி வெயில் நேரம். இறக்கிவிட்டுத் தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாய்க் கொதித்தது. கண்ணில் மறுபடியும் மஞ்சள்.

ஆஸ்பத்திரிக்குத் தங்கை ஓடி வந்தாள்.

"அந்தக் குழாயை எடுத்தாச்சில்ல?" என்று கேட்டார் ரசமட்டம்.

அவள் வாய் திறப்பதற்குள் டாக்டர் வந்துவிட்டார். டாக்டரும் அதையேதான் கேட்டார்.

"மூணு மாசத்துக்குள்ள வரச் சொன்னேனே, ஏன் வரலை?"

பெயிண்டருக்குப் பல் கிட்டித்துக்கொண்டு பேச்சு வந்தது. "தானா விழுந்துடும்னு... நீங்கதானே சொன்னீங்க."

"நான் எப்பச் சொன்னேன்?"

"வார்டுல. அன்னிக்குக் காலைல. மயக்கத்துலதான் இருந்தேன், ஆனா காதுல நல்லா விழுந்துச்சு. தானா விழுந்துடும், கவலைப்படாதீங்கன்னு."

டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "அது பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொன்னது. அவருக்குக் கணையக் குழாய்ல வெச்சிருந்தோம். மெல்லிசுக் குழாய், அது ரெண்டு வாரத்துல விழத்தான் செய்யணும். உங்களது விழாம இருக்கிறதுக்குன்னே நுனி வளைஞ்சது. இப்ப அடைச்சுப்போய் உள்ளே சீழ் வெச்சிருக்கு. ரத்தத்துல பரவிச்சுன்னா உயிருக்கே ஆபத்து. உடனே எடுக்கணும்."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ரசமட்டம் தங்கை பக்கம் திரும்பினார். "சீட்டுல எழுதியிருந்துச்சே, நீயாவது சொல்லக் கூடாதா?"

"சொல்லாம இருப்பேனா? காசும் சேத்து வெச்சேன். இவருதான், டாக்டரே தன் காதுபடச் சொன்னாரு, விழுந்துடுற குழாய்க்கு எதுக்குடி செலவுன்னு சண்டை போட்டு எடுத்துட்டுப் போனாரு." அவள் அழவில்லை. "உனக்குக் குடுத்தாரே அண்ணே, அது அந்தக் காசுதான்."

ரசமட்டம் பெஞ்சில் உட்கார்ந்தார். கால் நீளம் சரியில்லாத பெஞ்சு, ஒரு பக்கம் இறங்கியது. வேறு நாளாக இருந்தால் அடியில் ஒரு டைல்ஸ் சில்லைச் செருகி மட்டம் பண்ணியிருப்பார். டீக்கடையில் தான் அடித்த ஒவ்வொரு கிண்டலும் வரிசையாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அவன் செத்துவிட்டால் அந்தச் சிரிப்பெல்லாம் யார் கணக்கில் போகும்?

எழுந்தார். "பில் கட்டுறதுக்குள்ள வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மெஷின் வாங்கிய கடைக்காரன் அதை அடிமாட்டு விலைக்குத்தான் திருப்பி எடுத்துக்கொண்டான். மீதிக்குத் தன் முதலாளியிடம் கை நீட்டினார்.

அவர் திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. பழைய குழாயை வாய் வழியாகவே இழுத்து எடுத்திருந்தார்கள். தேங்கிய சீழ் வடிந்து, கல்லையும் உள்ளேயே நொறுக்கி வெளியேற்றியாயிற்று. அந்தக் குழாயை நர்ஸ் ஒரு சின்ன டப்பாவில் காட்டினாள். விரல் நீளம்கூட இல்லை. உள்ளே சேறு மாதிரி அடைத்துக் கிடந்தது. இத்தனூண்டுக்கா என்று ரசமட்டம் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

காய்ச்சல் இறங்க நாளாயிற்று. இறங்கிய பிறகு ஒரு காலையில் டாக்டர் வார்டுக்கு வந்தார். ரசமட்டம் அவர் வழியை மறித்தார்.

"ஒரு நிமிஷம் டாக்டர்." பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பினார். "ஐயா, கொஞ்சம் காதைப் பொத்திக்குங்க. இது எங்க மாப்ளைக்கு மட்டும்." அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் நிஜமாகவே பொத்திக்கொண்டார். "இப்பச் சொல்லுங்க டாக்டர். இவன் உள்ள என்ன இருக்கு?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணுமில்லை. குழாயும் இல்லை, கல்லும் இல்லை. மாத்திரையை மட்டும் முழுசா முடிக்கச் சொல்லுங்க."

"கேட்டுச்சா மாப்ளே? திருப்பிச் சொல்லு."

"ஒண்ணுமில்லை. மாத்திரையை முடிக்கணும்" என்றார் பெயிண்டர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

டாக்டர் போனதும் பெயிண்டர் மெதுவாகக் கேட்டார். "மச்சான், இந்தத் தடவை எவ்வளவு ஆச்சு?"

"எதுக்கு?"

"கடனைத் தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"என்ன கடன்? நீதான் மொத்தமாக் குடுத்துட்டியே. அந்தக் காசுலதான் இது நடந்துச்சு. உன் காசு, உன் வயிறு."

"அப்ப பழைய பதினெட்டாயிரத்து அறுநூறு?"

"அதைத் தள்ளிட்டேன்."

"எழுதி வாங்கிக்குங்க" என்றாள் தங்கை, தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "நாளைக்கே எங்க அண்ணன் டீக்கடையில வேற மாதிரி சொல்லும்."

பெயிண்டர் சிரிக்கப் போய்த் தொண்டை வலித்து இருமினார். "சைட்டுல யாராவது கேட்டா என்ன மச்சான் சொல்றது?"

"கேக்குறவன் நான் ஒருத்தன்தானே" என்றார் ரசமட்டம். "இனிமே கேக்க மாட்டேன்."

வார்டு வாசலில் வைத்திருந்த, அந்தக் கத்துகிற பழைய மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார்.